சிவசைலத்தின் மஜ்ஜை

தூங்கினால் போதும், தூங்கிவிட்டால் சாயந்திரம் வரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஜன்னலில் மாட்டின ஈரத் துண்டையும் மீறி வெயில் உள்ளே வந்துவிடுகிறது, கண்ணை மூடினால் இமைக்குள்ளேயே சிவப்பாக நிற்கிறது, ரத்தம்தான் அது, இமைத்தோலுக்குள் ஓடுகிற என் சொந்த ரத்தம், ஒருத்தருக்கும் பொருந்தாத ரத்தம். ராத்திரி வேலை பார்க்கிற மனுஷன், பகலில் சத்தம் போடாதீர்கள் என்று என் பெண்டாட்டி உலகம்மாள் தெரு பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள், மீன்காரி கூட எங்கள் வாசல் வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு அடுத்த வாசலில்தான் மறுபடி எடுக்கிறாள், இத்தனை மரியாதையோடு படுக்க வைக்கப்பட்டவன் இப்படிக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறேன். காலையில் துணைமின் நிலையத்தில் ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. மதுரை ஆஸ்பத்திரி, எலும்பு மஜ்ஜை மாற்றுகிற பிரிவில் இருக்கிற எபனேசர். "சார், நல்ல சேதி. வீட்டம்மாவுக்கு முழுப் பொருத்தமா ஒருத்தர் சிக்கியிருக்கார். சிவசைலம்னு. யார் சார் அவரு, அண்ணனா?" இல்லை என்றேன். "பின்னே?" அவள் அத்தை மகன் என்றேன். "அத்தை மகன் இப்படிப் பொருந்துறது லேசுல நடக்காது சார். டாக்டரம்மா நம்பாம திரும்பவும் பாக்கச் சொன்னாங்க. நீங்களே அவருகிட்டப் பேசிட்டு சாயந்திரம் ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவரு மாட்டேன்னா தம்பியோட பாதிப் பொருத்தம் இருக்கவே இருக்கு, அதை வச்சுக்கிடலாம்." அதை வச்சுக்கிடலாம். அந்த ஒரு வாக்கியத்தை வாயில் போட்ட பாக்கு மாதிரி காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டே இருக்கிறேன், துப்பவும் முடியவில்லை. உலகுவிடம் சொல்லவில்லை. இட்லி வைத்தாள், தின்றேன், "போன்ல யாரு?" என்றாள், ஆபீஸ் என்றேன்.

அவள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். எங்கள் வீட்டில் இரண்டே அறை, நடுவில் கதவு கிடையாது, கதவு மாதிரி ஒரு பழைய சேலை. ரத்தப் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து முன்னறையில்தான் அவள் படுக்கை, காற்று வரும் என்று. மருந்து ஏற்றி ஏற்றி நோய் இப்போது தலையைக் காட்டாமல் ஒளிந்திருக்கிறது, ஒளிந்திருக்கிற இந்தக் கொஞ்ச காலத்துக்குள் மஜ்ஜையை மாற்றிவிட வேண்டும், மறுபடி அது தலையைக் காட்டினால் கஷ்டம் என்று டாக்டர் ஜெஸிந்தா சொல்லியிருக்கிறார். ஊசி போட்ட கை வலிக்கிறதென்று போனை முக்காலியில் வைத்து ஸ்பீக்கரைத் தணித்துப் போட்டுத்தான் பேசுவாள், அதோ போன் வந்துவிட்டது, மத்தியானம் ஆனால் வந்துவிடும், குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு வந்துவிடும் சிவசைலத்தின் போன். "ஏளா உலகு, மொட்டை எப்படியிருக்கு?" என்கிறான். "பழனிக்குப் போற செலவு மிச்சம். சந்தனம் ஒண்ணுதான் பாக்கி" என்கிறாள் இவள். "நான் வந்து பூசி விடட்டா?" "வாங்க வாங்க. சொர்ணத்தக்கா ஒங்க மூஞ்சியில சுண்ணாம்பைப் பூசி அனுப்புவா." சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக வருகிற சிரிப்பு, என்னை எழுப்பிவிடக் கூடாதே என்று அடக்கின சிரிப்பு, அடக்கினதால் ஒரு மடங்கு கூடுதலாக அவனுடையதாக ஆகிவிட்ட சிரிப்பு. "மெள்ளப் பேசுங்கத்தான். அவுக தூங்குதாக." "தூங்கட்டும், தூங்கட்டும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்காக அண்ணாச்சி. எனக்கு மட்டும்தான் கொடைக்குக் கொடை கரண்டைப் பிடுங்கிருதாக." மறுபடி சிரிப்பு. அவனுக்குச் சீரியல் செட் போடுகிற தொழில், கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் பந்தல் முழுக்கப் பல்பு மாலை, மயில், தாமரை, சுற்றுகிற சக்கரம். ஒரு கொடையில் கணக்கில்லாமல் லோடு ஏற்றி அந்தப் பக்கத்து லைன் முழுக்க ட்ரிப் ஆனது, அன்று டூட்டியில் இருந்தது நான்தான். நான் செய்யவில்லை. லைனில் சுமை மிஞ்சினால் ரிலே பார்த்துக்கொண்டு தானே துண்டித்துவிடும், மனுஷக் கை அதில் இல்லை. ஆனாலும் மீட்டர் முள் சடாரென்று படுத்தபோது, அவனுடைய மயிலும் தாமரையும் இந்நேரம் அணைந்திருக்கும் என்று நினைத்தபோது, என் அடிவயிற்றில் நுங்கு தின்ற மாதிரி ஒரு குளிர்ச்சி இறங்கியது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது.

அத்தான். அந்த வார்த்தையை அவள் அவனுக்குத்தான் வைத்திருக்கிறாள். எனக்கு "இந்தாங்க", எனக்கு "கேட்டியளா", மற்றவர்களிடம் சொல்லும்போது "அவுக". முப்பிடாதி, அவள் தம்பி, அவன் எங்கள் இரண்டு பேரையுமே அத்தான் என்றுதான் கூப்பிடுகிறான். முப்பிடாதிக்கு இரண்டு அத்தான், அவளுக்கு ஒருத்தன்தான். முறை அப்படி, அத்தை மகனை அத்தான் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவாள், பேச்சு வந்த நாளிலிருந்து கூப்பிட்டது. அந்தக் குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். இவள் அப்பாவின் தங்கையை அவன் அப்பாவுக்குக் கொடுத்தார்கள், அவன் அப்பாவின் தங்கையை இவள் அப்பாவுக்குக் கட்டினார்கள், ஒரே பந்தலில் இரண்டு தாலி, அதற்கு முந்தின தலைமுறையிலும் அப்படித்தானாம். எபனேசருக்கு இதைச் சொல்லியிருந்தால் டாக்டர் திரும்பவும் பார்த்திருக்க வேண்டாம். இந்தக் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கிணற்றுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இந்தக் கிணற்றுக்கும் ஊறிக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒரே ருசியாக இல்லாமல் என்ன செய்யும். உலகு சிவசைலத்துக்குத்தான் என்று தொட்டிலிலேயே பேசி முடித்தது. பிறகு அவள் அக்கா சித்திரை பிறவியிலேயே காது கேட்காதவள் என்று தெரிந்து, தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டித்தான் இப்படி வருகிறது, அடுத்ததையாவது வெளியில் கொடுங்கள் என்று சொன்னதாலே, அந்த ஒற்றைச் சொல்லாலே, என் மாமனார் தங்கையோடு பேச்சு முறிந்தாலும் முறியட்டும் என்று அந்நியத்தில் மாப்பிள்ளை தேடினார். நான் வந்தேன். ஐ.டி.ஐ. படித்தவன், கூடப் பிறந்தவர்கள் இல்லாதவன், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லாதவன், அதுவே எனக்கு யோக்கியதையாக ஆனது. "ஒங்க ரத்தம் புதுசு மாப்ளை, அதான் பொண்ணைக் குடுத்தோம்" என்று அவர் என் தோளில் தட்டிச் சொன்னதை வருஷக்கணக்காக ஒரு பதக்கம் மாதிரி உள்ளே குத்திக்கொண்டு திரிந்தேன். விஞ்ஞானம் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை நான். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அது வேறு கதை, புது ரத்தம் ஒன்றுக்கும் ஆகவில்லை என்பதுதான் கதை. இப்போது அதே விஞ்ஞானம் திரும்பி நின்றுகொண்டு, தப்புச் சொல்லிவிட்டோம், அந்தப் பையன்தான் பொருத்தம் என்கிறது.

நானும்தான் கொடுத்தேன். சித்திரையுடையது பொருந்தவில்லை, முப்பிடாதியுடையது பாதிதான் என்று தெரிந்த பிறகு சொந்தத்தில் எல்லோரையும் பார்த்தார்கள். முப்பிடாதியின் பிள்ளைக்குக் காதுகுத்து, குலதெய்வம் கோயிலில் சொந்தம் முழுக்கக் கூடியிருந்தது, கெஞ்சிக் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையனை வரவழைத்திருந்தான் முப்பிடாதி, பந்தி நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒவ்வொருத்தர் வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டுக் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவித் தடவி எடுத்தான் அந்தப் பையன். பெரியவர் ஒருத்தர் "எனக்குக் கொரோனாவும் இல்ல ஒண்ணும் இல்ல, சோத்தைப் போடுங்கப்பா" என்று எழுந்து போய்விட்டார். சிவசைலம் வாயை ஆவென்று திறந்துகொண்டே, "அப்பம் டாக்டர் பொருத்தமில்லன்னாரு. இப்பம் ஆஸ்பத்திரியில பாக்காக" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், சொர்ணம் மட்டும் இலையில் உப்பு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவன் பெண்டாட்டி. கறுப்பு, ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். கடைசியில் நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "சார், நீங்க யாரு?" "புருஷன்." "புருஷன் குடுத்துப் பிரயோஜனம் இல்ல சார். ரத்தச் சொந்தம்தான் வேணும்." எடு தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்தான், பெயர் எழுதி ஒட்டினான், பாவம் என்று எடுத்திருப்பான். அதற்குப் பிறகு நான் என்னென்ன கற்பனை செய்தேன், இத்தனை வருஷம் ஒரே சோறு, ஒரே தண்ணீர், ஒரே பாய், அதில் ஒன்றிரண்டாவது ஒட்டியிருக்காதா, கருவிகள் தப்புவதில்லையா, எபனேசர் ஒரு நாள் கூப்பிட்டு "சார் ஆச்சரியமா இருக்கு, நீங்களேதான்" என்று சொல்லமாட்டானா என்று. என்னுடையதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாக மறுப்பதுதான் நோய் என்று டாக்டர் ஜெஸிந்தா சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. உலகுவின் கையை எடுத்து விரல்களைப் பிரித்துக் காட்டினார். கருவில் இருக்கும்போது இந்தக் கை துடுப்பு மாதிரித்தான் இருந்ததாம், வாத்துக் கால் மாதிரி, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற செல்கள் எல்லாம் குறித்த நேரத்தில் தாங்களாகவே செத்து வழிவிட்டதால்தான் விரல் என்று ஒன்று வந்ததாம். அப்படியானால் விரலிடுக்கு என்பது ஒரு சுடுகாடு, அந்தச் சுடுகாட்டில்தான் நான் கல்யாணத்தன்று என் விரல்களைக் கோத்தேன், அதற்கு முன்னால் ஆற்றுக்குப் போகும்போதும் திருவிழாக் கூட்டத்திலும் தொலைந்துவிடாமல் சிவசைலம் கோத்திருப்பான். பிறகு நானாகப் படித்தேன், பழைய புத்தகக் கடையில் வாங்கின பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல், போனில் தமிழில் சொல்லித் தருகிற வீடியோக்கள், புரியாததைத் திரும்பத் திரும்பப் போட்டு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சாவதற்கான ஏற்பாடு பிறக்கும்போதே வைக்கப்பட்டிருக்கிறது. தன் மரபுச்சரம் சரிசெய்ய முடியாதபடி கெட்டுவிட்டது என்று தெரிந்தால் உள்ளேயே ஒரு காவல்காரன் தீர்ப்புச் சொல்கிறான், செல்லுக்குச் சக்தி தருகிற சின்ன மின்நிலையங்கள் இருக்கின்றனவே, அவைதான் ஒரு பொருளைக் கசியவிட்டு ஆணையை நிறைவேற்றுகின்றன, கத்தரிக்கோல் மாதிரி சில புரதங்கள் விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் நறுக்குகின்றன. செல் கத்துவதில்லை, வெடிப்பதில்லை, சுருங்குகிறது, தன்னையே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்கிறது, மேல்தோலில் என்னைத் தின்றுவிடு என்று ஒரு அடையாளத்தை வைத்துக்கொள்கிறது, பக்கத்துச் செல் வந்து விழுங்கிவிடுகிறது. வீக்கமில்லை, சீழ் இல்லை. தீக்காயத்தில் சாகிற செல் இப்படியில்லை, அது உடைந்து உள்ளே உள்ளதையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டுச் சாகும், அக்கம்பக்கமெல்லாம் எரியும். நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் இப்படிச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பதால்தான் நாம் இருக்கிறோமாம். இவள் வெள்ளணுக்களில் ஒன்று மட்டும் போகமாட்டேன் என்றது, தன்னையே பெருக்கிக்கொண்டது. ரிலே வேலை செய்யாத லைன் மாதிரி என்று டாக்டரிடம் சொன்னேன், சுமை மிஞ்சினால் துண்டித்துக்கொள்ள வேண்டும், துண்டிக்காவிட்டால் டிரான்ஸ்பார்மரே எரிந்துவிடும் என்று. "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். "ஆனா நீங்க திரும்பவும் சப்ளை குடுத்துருவீங்க. செல் ஒரு தடவை முடிவெடுத்துட்டா அதுக்கு மேல திரும்பி வராது." உலகு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம்மாடி, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். அதுக்கு யாரு சாகணுமோ அதைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

கொல்லப்போவது இவளுடைய மஜ்ஜை முழுவதையும். நல்லது கெட்டது பார்க்காமல் மருந்தால் காலி செய்துவிட்டு அவன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததைச் சாதாரண பாட்டில் ஏற்றுகிற மாதிரி ஏற்றுவார்களாம், யாரும் வழிகாட்டாமலே அது இவள் எலும்புக்குள் போய்க் குடியேறிவிடுமாம். அதுதான். குடியேறும். வாடகைக்கு இல்லை, பட்டா போட்டுக்கொண்டு. அவன் ரத்த வகையே இவள் ரத்த வகையாகிவிடும். போன தடவை டாக்டர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார், "ஆம்பளை குடுத்தா பிறகு அவங்க ரத்தத்தைச் சோதிச்சா ஆண்னுதான் வரும்." அன்றைக்கு முப்பிடாதியை நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன், தம்பி ரத்தம் அக்கா உடம்பில் ஓடினால் ஓடட்டும். இப்போது அந்தச் சிரிப்பு எங்கே. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் விரலுக்குக் கீழே துடிப்பது சிவசைலம். வெட்கப்பட்டால் கன்னத்தில் ஏறுவது சிவசைலம். பாயில் என் பக்கத்தில் படுத்திருப்பாள், தூக்கத்தில் காலைத் தூக்கி என் மேல் போடுவாள், அந்தக் கால் எலும்புக்குள் அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி என்பான். அவனுடைய வெள்ளணுக்கள் இவள் உடம்பு முழுக்க ரோந்து போகும், ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்க்கும், என் கை போகாத இடத்துக்கெல்லாம் போகும், நுரையீரலுக்குள், ஈரலுக்குள், ஒளிந்திருக்கிற கெட்டதைக் கண்டுபிடித்து நீ செத்துப்போ என்று கதவைத் தட்டிச் சொல்லும், அது சாகும், அதற்குத்தானே இத்தனை பாடும், அப்படித் தட்டினால்தானே இவள் பிழைப்பாள், தெரியும், எனக்குத் தெரியாதா. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, வெள்ளணுக்களுக்கு அது பள்ளிக்கூடம், அங்கே வருகிறதில் முக்கால்வாசிக்கும் மேலே தேறாமல் அங்கேயே சாகின்றன, ஒன்றையும் அடையாளம் தெரியாதது சாகும், சொந்த வீட்டையே எதிரி என்று நினைத்துக் கடிக்கப் பாய்கிறது எதுவோ அதுவும் சாகும், அதை வெளியே விட்டால் உடம்பையே தின்றுவிடும் என்பதால். என்னை யாரும் அப்படிப் பெயிலாக்கவில்லை. எல்லாப் பரீட்சையிலும் பார்டரில் தேறித் தேறி இந்தப் பாய் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன்.

பாதிப் பொருத்தமும் மோசமில்லை. அதை டாக்டரே சொல்லியிருக்கிறார், இப்போதெல்லாம் பாதியை வைத்தும் செய்கிறோம், நன்றாகத்தான் வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது என்று. அதே மூச்சில், "ஆனா இவங்களோடது கொஞ்சம் முரட்டு வகை. முழுசா கிடைச்சா நான் அதைத்தான் எடுப்பேன்" என்றும் சொல்லியிருக்கிறார், அந்த இரண்டாவது பாதியை ஏன் காலையிலிருந்து நான் கடைசியாக நினைக்கிறேன். சிவசைலம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எபனேசரிடம் சொன்னால் முடிந்தது. யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. முப்பிடாதி கொடுப்பான், பாவம், நல்ல பையன். அந்தப் பக்கம் பேச்சு இன்னும் ஓடுகிறது. "சாப்ட்டியா, சும்மா கதை சொல்லாத." "சாப்ட்டேன். ரசம் சோறு." "ரசம் சோறு தின்னவ கொரலா இது? மீன் வாங்கிக் குடுத்தனுப்பட்டா?" "வேண்டாம், வாடையே ஆகல." "அப்பம் என்னதான் ஆகும் ஒனக்கு?" "ஒங்க பேச்சு ஆகுது." ஒங்க பேச்சு ஆகுது. புத்தகத்தில் ஒரு இடத்தைப் படித்துவிட்டு அதற்கு மேல் புரட்ட முடியாமல் வைத்துவிட்டேன், என்னவென்றால், பெரும்பாலான செல்களுக்குச் சாவுதான் இயல்பாம், இரு இரு என்று பக்கத்திலிருக்கிற செல்கள் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதாம், சேதி நின்றுபோனால் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும் மெல்லத் தன்னை மடித்துக்கொண்டு போய்விடுமாம். நான் என்ன சேதி அனுப்பினேன் இவளுக்கு. மாத்திரை போட்டியா. காய்ச்சல் பார்த்தியா. பகலில் தூங்குகிறேன், ராத்திரியில் இல்லை. இரு இரு என்று மத்தியானத்துக்கு மத்தியானம் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன், பல்பு மாலை கட்டுகிறவன், தொட்டிலில் பேசினவன். போன் நின்றது. முக்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம் வருகிறது, இந்தப் பக்கம்தான், கண்ணை மூடிக்கொண்டேன், மூச்சை நீளமாக விட்டேன், தூங்குகிறவன் இப்படித்தான் விடுவானா, தூங்குகிறவன் மூச்சை நான் எங்கே பார்த்தேன். திரை விலகுகிறது. இமையிடுக்கில் தெரிகிறாள், மொட்டைத் தலையில் துண்டு, வாயில் மாஸ்க், ஜன்னலில் சரிந்த ஈரத் துண்டை இழுத்துவிட வந்திருக்கிறாள், வெயில் என் முகத்தில் விழுகிறதாம். நாலு எட்டு வைக்க வேண்டிய இடம். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நிற்கிறாள். ஒரு எட்டு. சுவரைப் பிடிக்கிறாள், நெற்றியைச் சுவரில் வைத்துக்கொள்கிறாள், முதுகு ஏறி இறங்குகிறது, இப்போதுதான் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை எதைக் கொண்டு சிரித்தாள். துண்டை இழுத்துவிட்டாள். திரும்பும்போது என் காலடியில் கிடந்த போர்வையைக் குனிந்து எடுக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு, முதுகு திரைக்கு அந்தப் பக்கம் மறைந்த பிறகு, எனக்குள் ஒரு நினைப்பு, நானாக நினைக்கவில்லை, அதுவாக வந்தது, பாதிப் பொருத்தம் பலிக்காமல் போனால்கூட, போனாலும்கூட, கடைசி வரைக்கும் வேறு கலப்பில்லாமல் என் பெண்டாட்டியாகவே போவாள் என்று. யார் நினைத்தது அதை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாக்கில் இரும்பு ருசி. காலையிலிருந்து சிவசைலத்தை நினைப்பதாக நினைத்துக்கொண்டு நான் இவளுக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் அழகாக, பூ வைத்து.

போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன், சுட்டது, எழுந்து நின்றேன். சிவசைலத்தின் நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தது சொர்ணம். "அவரு இல்லியே அண்ணாச்சி. சோறு கொண்டாந்தவ கையில போனைக் குடுத்துட்டுப் பந்தல் மேல ஏணியில நிக்காரு. கொடை வேலை." சரி பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்திருக்கலாம், வைத்தால் மறுபடி எடுக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லிவிட்டேன், அவளிடமே, ஆஸ்பத்திரியில் சொன்னதை, இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், மயக்கம் கொடுத்துத்தான், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், எடுத்தது மறுபடி ஊறிவிடும் என்று. அந்தப் பக்கம் யாரோ மைக்கில் ஒன் டூ த்ரீ சொல்லிக்கொண்டிருந்தான். "தாயி?" என்றேன். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." "என்ன சொல்லுத?" "இது மட்டும் முடியாது அண்ணாச்சி." மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு மெதுவாக இல்லை. "நான் கழுத்தை நீட்டுன நாள்ல இருந்து உலகு, உலகு. கொழம்பு நல்லாருந்தா உலகு வச்ச மாதிரி இருக்குன்னு. மத்தியானம் சோத்துல கை வைக்கதுக்கு முன்ன போனு. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கனா? சீக்காளிகிட்டப் பேசுதாக, பேசட்டும்னு இருந்தேன். இப்பம் எலும்புக்குள்ள கெடக்கதையும் தோண்டிக் குடுக்கணுமா? பெறகு எனக்குன்னு என்னத்த மிச்சம் வைப்பாரு?" ஊறும் தாயி, திரும்ப ஊறிவிடும் என்றேன். "ஊறும் ஊறும்ங்கிய. அவ ஒடம்புல போய் ஓடுமா ஓடாதா?" ஓடும் என்றேன். "எவ்வளவு நாளைக்கு?" புத்தகத்தில் இருந்ததில் எதையாவது எடுத்து நீட்டலாம் என்று பார்த்தேன். ரத்தச் செல்லுக்கு ஆயுசு குறைச்சல், அவர் கொடுத்தது கொஞ்ச மாதத்தில் தானாகச் செத்துப்போகும், பிறகு இருப்பதெல்லாம் அவளுடையதுதான் என்று. பாதி உண்மை. போய்க் குடியேறுகிறது சாகாது, பெற்றுக்கொண்டே இருக்கும். "அவ இருக்க வரைக்கும்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு அது பரவாயில்லையா?"

மைக்கில் ஒன் டூ த்ரீ நின்றுவிட்டது. பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், பெரிய மனுஷனாக, அண்ணாச்சியாக, இதிலெல்லாம் என்ன இருக்கிறது தாயி என்று தொடங்குகிற மாதிரி, ஆனால் வந்தது வேறு. "பரவாயில்லாம இல்ல" என்றேன். "வயிறு பத்தி எரியுது. காலையில சேதி வந்துச்சு, இன்னும் அவகிட்டச் சொல்லல. ஒன் வீட்டுக்காரர் மாட்டேன்னுட்டாருன்னு ஆஸ்பத்திரியில பொய் சொல்லிருவோமான்னு இவ்வளவு நேரமும் படுத்துக் கெடந்தேன். நீ இப்பச் சொன்ன அத்தனையும் நான் சொன்னது தாயி, ஒண்ணு விடாம." போனை மறு காதுக்கு மாற்றினேன். "ஒனக்கும் எனக்கும் எரியத்தான் செய்யும். அது பாட்டுக்கு எரியட்டும். அவ ஜன்னல் வரைக்கும் நடக்க முடியாம சுவத்துல தலையை வச்சுக்கிட்டு நின்னா. நான் தூங்குத மாதிரி பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."  "அவ என்ன சாப்பிட்டா?" என்றாள் சொர்ணம். ரசம் சோறு என்றேன். "ரசம் சோறு தின்னா எப்படி நிக்க முடியும்" என்றாள், திட்டுகிற குரலில், யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள், பொத்தியும் கேட்டது. "ஏங்க! போதும், எறங்குங்க! அண்ணாச்சி லைன்ல இருக்காக! ஆஸ்பத்திரி விஷயம்!" "இந்த மயிலை மட்டும் கட்டிட்டு வாரேன்" என்று எங்கோ உயரத்திலிருந்து அவன் குரல். "மயிலாவது மண்ணாங்கட்டியாவது, எறங்கச் சொன்னா எறங்கணும்!" மூங்கில் ஏணி கிறீச்சிட்டது, தடதடவென்று இறங்குகிறான், அவனுக்கு எப்போதுமே அவசரம், எதையும் பார்க்கமாட்டான், பந்தல் எவ்வளவு உயரம் இருக்கும், ஏணியை யாராவது கீழே பிடித்திருக்கிறார்களா.  மெள்ள இறங்கச் சொல்லு தாயி என்று போனுக்குள் கத்தினேன், மெள்ள, பார்த்து, காலை ஊன்றி இறங்கச் சொல்லு.